தொப்பி போட்ட விளக்கு

வாடகை ஒப்பந்தத்தை எழுத்துக்கூட்டிப் படித்ததில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். இந்த வீட்டில் எதிலும் கை வைக்கக் கூடாது. ஆணி அடிக்கக் கூடாது, பெயிண்ட் அடிக்கக் கூடாது, சுவரில் எதையாவது ஒட்டிப் பிய்த்துப் பூச்சு பெயர்ந்தால் அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்கள். சுற்றிலும் வெள்ளைச் சுவர், நடுவில் பிரிக்காத பெட்டிகளோடு நாங்கள் மூன்று பேர். குளிர்காலம் வேறு. மகள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் இருட்டிவிடும். கூரையில் ஒரே ஒரு பளீர் விளக்கு. அதைப் போட்டால் ஆஸ்பத்திரி வராந்தாவில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும்.

கீழ்த்தளத்தில் காலி செய்துகொண்டு போனவர்கள் இரண்டு மேசை விளக்குகளை வாசலில் வைத்து, 'வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்' என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள். மாடிப்படியில் நின்று நானும் அவரும் யோசித்தோம்.

"யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க?" என்றார்.

"நம்மள இங்க யாருக்குங்க தெரியும்?"

ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம். வீடியோவில் பார்த்த அம்மா, "என்னடி அது, விளக்குக்குத் தொப்பி போட்டு வச்சிருக்க?" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் லேம்ப் ஷேடுக்குத் தொப்பி என்றே பெயர்.

தொப்பிகள் வெறும் வெள்ளை. அதிலும் பெரியதன் மேல்விளிம்பு பழுப்பேறிப் போயிருந்தது. முன்பு இருந்தவர்கள் குண்டு பல்பு போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். குண்டு பல்பு குடிக்கும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் வெப்பமாகத்தான் போகும். அந்தச் சூடு நேரே மேலே ஏறும். ஹோல்டருக்குப் பக்கத்தில், 40 வாட்டுக்கு மேல் போடாதே என்று சின்னதாக ஒரு ஸ்டிக்கர் இருந்தது. நாங்கள் போட்டது 8 வாட் எல்இடி. பழைய 60 வாட் குண்டு பல்பு தருகிற வெளிச்சத்தை ஏறக்குறைய அப்படியே தரும், தொப்பியைச் சுடாது. துணி, காகிதம், பசை என்று எதைச் சுற்றப் போகிறீர்கள் என்றாலும் முதலில் பல்பை மாற்றிவிடுங்கள்.

முதலில் கை வைத்தது பெயிண்டில். மகளின் அக்ரிலிக் டப்பாக்களை எடுத்து ஒரு சனிக்கிழமைப் பகல் முழுக்க உட்கார்ந்து கொடியும் இலையுமாக வரைந்தேன். எனக்கே பெருமையாக இருந்தது. சாயங்காலம் சுவிட்சைப் போட்டேன். பச்சையும் இல்லை, மஞ்சளும் இல்லை. ஒழுகுகிற கூரையில் ஈரம் பூத்த மாதிரி கறுப்புத் திட்டுகள். "மழை பெஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு அவர் சமையலறைக்குள் போய்விட்டார்.

யோசித்தால் புரிகிறது. பகலில் வெளிச்சம் நம் பக்கமிருந்து போய்ப் பட்டுத் திரும்புகிறது, அதனால் நிறம் தெரிகிறது. விளக்கு எரியும்போது வெளிச்சம் பின்னாலிருந்து வருகிறது. அக்ரிலிக் அதை மறித்துக்கொண்டு நிற்கிறது, நமக்கு அதன் நிழல்தான் மிஞ்சுகிறது. தண்ணீராகக் கரைத்த துணிச் சாயம் என்றால் கதை வேறு, வெளிச்சம் அதற்குள் புகுந்து வரும். எதையும் விளக்கை எரியவிட்டுப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எனக்கு யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் ஒரு சனிக்கிழமை மிஞ்சியிருக்கும்.

அடுத்த வாரம் பெட்டியில் இருந்த பழைய துணிகளையெல்லாம் ஒவ்வொன்றாக எரிகிற பல்புக்கு முன்னால் பிடித்துப் பார்த்தேன். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு இதைச் செய்கிறவளை எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து யாராவது பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ. பட்டு ஏமாற்றியது. கையில் தகதகக்கிற ஜரிகை, வெளிச்சத்துக்கு முன்னால் வெறும் கறுப்புக் கோடு. அடர்நீலம் பக்கவாட்டு வெளிச்சத்தை அப்படியே விழுங்கிவிட்டது, மேலேயும் கீழேயும் மட்டும் வட்டமாக வழிந்தது. சிவப்பு, அறையில் எல்லார் முகத்தையும் சிவப்பாக்கியது. கடைசியில் ஜெயித்தது மடிப்பில் இற்றுப்போய் இனி கட்ட முடியாது என்று நான் ஒதுக்கிவைத்திருந்த வாயில் புடவை. வெளிர்மஞ்சளில் பொடிப் பூ. பின்னால் விளக்கைக் காட்டியதும் நூல் ஓடுகிற குறுக்கும் நெடுக்கும்கூடத் தெரிந்தது.

ஒட்டுவதில் மறுபடி தடுமாறினேன். என் தொப்பி மேலே குறுகி, கீழே விரிந்தது. கீழ் விட்டம் 35 செ.மீ., மேலே 20. நான் பாட்டுக்கு நீள்சதுரமாக வெட்டிச் சுற்றினேன். கணக்குப் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். கீழ்ச் சுற்றளவு 35-ஐ 3.14-ஆல் பெருக்கினால் 110 செ.மீ., மேலே 63. அப்படியென்றால் மேல்விளிம்பில் 47 செ.மீ. துணி போக இடமில்லாமல் கொசுவம் கொசுவமாக நின்றது. உருளை வடிவத் தொப்பிக்கு நீள்சதுரம் சரி. கூம்பாக இருந்தால் உருட்டித்தான் ஆக வேண்டும்.

உருட்டுவது இப்படி: செய்தித்தாள்களை ஒட்டிப் பெரிய தாளாக்கித் தரையில் விரித்தேன். தொப்பியின் தையல் தாளைத் தொடுகிற இடத்தில் ஒரு புள்ளி. அங்கிருந்து தையல் மறுபடி தரையைத் தொடும்வரை மெல்ல உருட்ட வேண்டும். நான் உருட்ட, மகள் பென்சிலால் கீழ்விளிம்பைத் தொடர்ந்து கோடு போட்டாள். திரும்ப அதே புள்ளியிலிருந்து உருட்டி மேல்விளிம்பு. தொப்பி நேராக ஓடாது, வளைந்து வளைந்துதான் போகும். அதை நேராக்க முயலாதீர்கள், அந்த வளைவுதான் அளவு. கிடைத்தது விசிறியை விரித்தாற்போல ஒரு வடிவம். மேலும் கீழும் ஒன்றரை செ.மீ., சேர்கிற இடத்தில் இரண்டு செ.மீ. கூட்டி வெட்டினேன்.

வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்துத் தடவலாம் என்பார்கள். வெட்டில் விழுந்த துண்டுகளில் முயன்றேன். காய்ந்தபின் வெளிச்சத்தில் பார்த்தால் பசை தேங்கிய இடமெல்லாம் வளையம் வளையமாகத் தெரிந்தது. ஸ்ப்ரே பசைதான் சரிப்பட்டது. இந்த வேலையில் நான் காசு கொடுத்து வாங்கிய ஒரே பொருள் அது. ஜன்னலைத் திறந்துவைத்து, இஸ்திரி போட்ட துணியின் பின்பக்கத்தில் மெல்லியதாக அடித்து, தையலிலிருந்து ஆரம்பித்து உள்ளங்கையால் நீவிக்கொண்டே போக வேண்டும். மிச்சமிருக்கிற ஒன்றரை செ.மீட்டரை உள்ளே மடித்து டபுள் சைடு டேப்பால் ஒட்டி, ஒரு ராத்திரி முழுக்கத் துணி கிளிப் மாட்டிவைத்தேன். மேல் வாயை மட்டும் எக்காரணம் கொண்டும் மூடக் கூடாது. எல்இடியும் கொஞ்சம் சூடாகும், அது மேலே போக வழி வேண்டும்.

இரண்டாவது விளக்குக்குக் காகிதத் தொப்பி. அது மகளின் ராஜ்ஜியம். பின்னால் தெர்மோகோல் துண்டைப் பிடித்துக்கொண்டு கோணி ஊசியால் குத்திக் குத்தி நட்சத்திரங்கள் போட்டாள். காகிதத்தில்தான் இது நடக்கும், பிளாஸ்டிக் ஒட்டிய தொப்பி விரிசல் விட்டுவிடும். கூடவே 'அ' என்று ஒரு எழுத்தும். உள்பக்கமாக எழுதிக் குத்தியதால் வெளியே இடம் வலம் மாறி விழுந்தது. "உள்ள இருக்கிற பல்புக்குச் சரியாத் தெரியும்ல" என்றாள். மறுபேச்சு இல்லை.

படுக்கையறை விளக்கு வீட்டுக்காரருடையது, அதில் ஒட்ட முடியாது. மிச்சத் துணியைக் குழாயாகத் தைத்து, இரண்டு ஓரத்திலும் பாவாடைக்கு நாடா கோப்பதுபோல எலாஸ்டிக் கோத்து வெளியே மாட்டிவிட்டேன். காலி செய்யும்போது உருவிக்கொள்ளலாம். மணி, பொத்தான் தொங்கவிடுகிற யோசனையைக் கைவிட்டேன். கனத்தில் தொப்பி ஒரு பக்கம் சாய்ந்து, குடித்தவன் மாதிரி நின்றது.

பெரிய விளக்கில் இன்னும் ஒரு குறை. துணி துணிமேல் ஏறுகிற அந்த இரண்டு செ.மீ., எரியும்போது மேலிருந்து கீழாக ஒரு பழுப்புக் கோடாகத் தெரியும். அதைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறேன். தூசி துடைக்கிற நாளில் அவர் எப்போதும் கோடு கூடத்தைப் பார்க்கிற மாதிரிதான் திரும்ப வைப்பார். இருட்டி, விளக்கைப் போட்டதும் மகள் எழுந்துபோய், "அப்பா தொப்பியை மறுபடி திருப்பி மாட்டிட்டாங்க" என்று அலுத்துக்கொண்டே சுவர்ப் பக்கம் திருப்புவாள்.