சுவரில் 29, தரையில் 47

சட்டி, மூடி என்று பெயர் வைத்தவள் என் மகள். இரண்டும் ஹெர்மன் என்ற நிலத்து ஆமை வகையில் பெண்கள். புல்லில் கிடந்தால் யாரோ பாத்திரம் கழுவிக் கவிழ்த்து வைத்ததுபோல் இருக்கும்.

இரண்டாவது கோடையில் ஒரு பிற்பகல், மூடி நடைபாதைக் கல்லோரம் கழுத்தை நீட்டிக் கிடந்தாள். வாயில் நுரை. சுவரில் மாட்டியிருந்த தெர்மாமீட்டர் 29 டிகிரி காட்டியது. அதை நம்பித்தான் நிம்மதியாக உள்ளே உட்கார்ந்திருந்தேன். அகச்சிவப்பு வெப்பமானியைக் கல்லின் பக்கம் பிடித்தேன்: 47. நான் பார்த்துக்கொண்டிருந்தது என் நெஞ்சுயரக் காற்றின் சூட்டை. அவள் வாழ்வதோ தரைக்கு இரண்டு விரற்கடை மேலே.

உடல் சூடு தாங்காதபோது எச்சிலைப் பெருக்கித் தலையையும் கழுத்தையும் நனைத்துக்கொள்வது நிலத்து ஆமையின் கடைசி முயற்சி. என் கை ஐஸ் தண்ணீரைத் தேடிப் போனது. தொலைபேசியில் கால்நடை மருத்துவர் அதட்டியதால் நிழலில் வைத்து, தாடைக்குக் கீழே நிற்கும் அளவு வெதுவெதுப்பான நீரில் இறக்கினேன். ஒரு மணி நேரம் கழித்து என்னை முறைத்தாள். பிழைத்துவிட்டாள்.

நிழல் இல்லாததுதான் குற்றம் என்று நினைத்து, செங்கல் மேல் பலகை போட்டுக் கூரை அமைத்தேன். மறுநாள் பிற்பகல் அதன் அடியிலேயே 38. தாழ்ந்த கூரைக்குள் அனல் சிக்கிக்கொள்கிறது. பிறகுதான் புத்தி வந்து, சரிவாக ஒரு பள்ளம் தோண்டி, மேலே கனமான பலகை வைத்து, அதன் மேல் ஒரு முழம் மண் குவித்தேன். உள்மண்ணை அவ்வப்போது நனைத்தேன். வெளியே கல் கொதிக்கும்போதும் உள்ளே 24 தாண்டவில்லை. சட்டி அன்றே குடியேறினாள். மூடிக்கு மூன்று நாள் ஆனது.

ஆமையைக் குளிர் ரத்தப் பிராணி என்று சொல்வதே ஏமாற்று. காலையில் கிழக்கு பார்த்த கருங்கல்லில் கால்களைப் பரப்பிக் கிடந்து, முப்பது டிகிரி வரை உடலை ஏற்றிக்கொண்டுதான் சட்டி மேயவே கிளம்புவாள். சூடு கூடினால் புதர், இன்னும் கூடினால் பள்ளம். அவளுக்கு வேண்டியது நான் கணக்குப் போட்டுத் தரும் ஒரே சரியான வெப்பநிலை அல்ல. பத்தடி நடந்தால் மாறுகிற வெப்பநிலை.

இளவேனிலில் சிக்கல் வேறு. வெயில் கண்ணைக் கூசும், காற்றோ 13 டிகிரி. அதற்காக ஒரு கண்ணாடிப் பெட்டி செய்து திறந்த பக்கம் தரையில் பட வைத்தேன். வெயிலில் உள்ளே காற்றைவிடப் பத்து டிகிரி கூடுதல். ஆனால் எலும்புக்கும் ஓட்டுக்கும் வேண்டிய புற ஊதாக் கதிரைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். அடைத்தே வைத்தால் அடுப்பாகவும் மாறும். எனவே அதன் வாசல் எப்போதும் திறந்திருக்கும்.

ஈரமும் குளிரும் சேர்ந்த நாள்களுக்குத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். மூக்கில் குமிழி, வாயைத் திறந்து மூச்சு என்றால் நுரையீரல் தொற்றாக இருக்கலாம், காத்திருக்கக் கூடாது. அப்படிப்பட்ட நாள்களில் கீரையும் வைப்பதில்லை. உடல் குளிர்ந்தால் குடல் நின்றுவிடும், தின்றது உள்ளேயே கெடும். அவர்கள் இரவில் தூங்கும் பெட்டியின் சுவருக்குள் தெர்மோகோல், கூரையில் ஒளி விடாத செராமிக் ஹீட்டர், சூட்டைப் பார்த்து அதைத் தானே நிறுத்தி இயக்கும் தெர்மோஸ்டாட். ஹீட்டரை மட்டும் வாங்கி தெர்மோஸ்டாட்டில் மிச்சம் பிடிப்பவர்களை எனக்குப் புரியவில்லை.

குளிர்கால உறக்கம் தனிக் கதை. அவர்கள் உறங்க ஐந்து டிகிரியில் நிலையாக நிற்கும் குளிர்பதனப் பெட்டி, வாரம் ஒருமுறை எடை பார்ப்பது, வீட்டார் தயிரை அதில் வைத்துவிடாமல் காவல் காப்பது. இன்னொரு நாள் எழுதுகிறேன்.

இன்றிரவு ஆறு டிகிரிக்கு இறங்கும் என்கிறார்கள். சட்டி ஐந்து மணிக்கே பெட்டிக்குள் போய்விட்டாள். மூடி வழக்கம்போலப் புதரடியில் தலையை மட்டும் நுழைத்துக்கொண்டு, முதுகை வெளியே விட்டிருந்தாள். தூக்கினேன். முன்னங்காலால் என் விரலை ஓங்கித் தள்ளினாள். இன்னும் குளிர்ந்து மரத்துப்போகவில்லை.