டெங்கு கேள்வியில் நான் ஆறு மார்க் விட்ட இடம்

எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி, இம்யூனாலஜி பேப்பர். பத்து மார்க் கேள்வி: 'இரண்டாம் முறை வரும் டெங்கு ஏன் கடுமையாகலாம்? ஆன்டிபாடி மரபணுக்களைக் கொண்டு விளக்குக.' மூன்று பக்கம் எழுதினேன். நாலு மார்க்தான் வந்தது.

தப்பு ஒரே வரியில். வைரஸ் நுழைந்த பிறகுதான், ஆன்டிபாடி தயாரிக்கும் ரத்த வெள்ளையணுவான பி செல், தன் ஆன்டிபாடி மரபணுவின் வி, டி, ஜே துண்டுகளை வெட்டி ஒட்டுகிறது என்று எழுதிவிட்டேன். அந்த வேலை எலும்பு மஜ்ஜையில், எந்தக் கொசுவும் கடிக்கும் முன்பே முடிந்துபோகிறது. ஆன்டிபாடியில் கனச் சங்கிலி, லேசான சங்கிலி என இரண்டு வகைப் புரத இழைகள் உண்டு. கனச் சங்கிலிக்கான துண்டுகள் 14ஆம் குரோமோசோமில் இருக்கின்றன: சுமார் 40 வி, 23 டி, 6 ஜே. பெருக்கினால் சேர்க்கைகள் 5,500ஐத் தாண்டும். ஒட்டும் இடத்தில் சேரும் கூடுதல் நியூக்ளியோடைடுகளும் லேசான சங்கிலியும் சேர்ந்தால் கணக்கு எங்கேயோ போய்விடும்.

அப்புறம் எனக்கு விளங்கியது ஜவுளிக்கடையை வைத்துத்தான். சட்டைகள், அதாவது விதவிதமான ஆன்டிபாடி கொண்ட பி செல்கள், ஏற்கெனவே தைத்துத் தொங்குகின்றன. வைரஸ் வந்து பொருந்துவதை எடுக்கிறது. அதற்குப் பிறகு நடப்பது ஆல்ட்டரேஷன் மட்டும்: நிணநீர்க் கணு போன்ற இடங்களில் பி செல்கள் பெருகும் ஜெர்மினல் சென்டரில் ஏ.ஐ.டி. என்ற என்சைம் வி பகுதியில் புள்ளி மாற்றங்களைச் செய்கிறது. முதலில் வரும் ஆன்டிபாடி வகையான ஐ.ஜி.எம்.மிலிருந்து பின்னால் வரும் ஐ.ஜி.ஜி.க்கு மாறவும் அதே என்சைம்தான் வேண்டும். இந்த இரண்டையும் மறக்காமல் எழுதுங்கள்.

இனி கேள்வியின் உயிர். டெங்கு வைரஸில் நாலு டைப் உண்டு. முதல் தடவை டைப் 1 வந்தது என்று வையுங்கள். அதற்கு அளவெடுத்து, அதை நினைவில் வைத்திருக்கும் மெமரி பி செல்கள், டைப் 2 வரும்போது முந்திக்கொள்ளும். சட்டை தொளதொள. ஆன்டிபாடி வைரஸோடு ஒட்டும், ஆனால் முடக்காது. ஆன்டிபாடியின் வால் பகுதியான எஃப்.சி.யை மோனோசைட் என்ற வெள்ளையணு பிடித்து உள்ளே இழுக்க, வைரஸுக்குக் கதவு திறந்த மாதிரி. டெங்கு ஆய்வாளர் ஸ்காட் ஹால்ஸ்டெட் முன்வைத்த ஏ.டி.இ., அதாவது ஆன்டிபாடியே தொற்றைக் கூட்டிவிடுவது, இதுதான்.

'ஆன்டிபாடி இருந்தாலே ஆபத்து' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நிகராகுவா குழந்தைகளிடம் செய்து 2017இல் வெளியான ஆய்வில், ஆன்டிபாடி அளவு அதிகமாக இருந்தவர்களுக்குப் பாதுகாப்பு. இடைப்பட்ட அளவில்தான் ஆபத்து கூடியது.

வைவாவில் என்னை மடக்கிய கேள்வி: முதல் தொற்றிலேயே கைக்குழந்தைக்குக் கடுமையான டெங்கு வருவது எப்படி? அதற்கு டெங்கு மெமரி செல்லே கிடையாதே என்று முழித்தேன். தாயின் ஐ.ஜி.ஜி. நஞ்சுக்கொடி வழியாக வந்திருக்கிறது. மாதங்கள் போகப்போக அது தேய்ந்து அந்த இடைப்பட்ட அளவுக்கு இறங்கிவிடுகிறது.