ஜெர்மனிக்கு பிசினஸ் விசா: பேங்க் பேலன்ஸை விட அழைப்புக் கடிதம்தான் முக்கியம்

பத்து நாள் பயணம், அனுப்புவது கம்பெனி, செலவும் கம்பெனியுடையது. அப்படியும் பிசினஸ் விசா மறுக்கப்பட்டுத் திரும்பும் ஃபைல்களைப் பிரித்துப் பார்த்தால் கணக்கில் பணம் இருக்கும், வருமான வரி ரிட்டர்னும் ஒழுங்காக இருக்கும். அந்த ஆள் அங்கே போய் என்ன செய்யப்போகிறார் என்பதை மட்டும் ஒரு காகிதமும் தெளிவாகச் சொல்லியிருக்காது.

பெஷெஃப்டிகுங்ஸ்ஃபெரோர்ட்னுங் என்று நாக்கைச் சுளுக்கும் பெயரில் ஜெர்மனியில் ஒரு வேலை விதிமுறை உண்டு. பிசினஸ் பயணி யார் என்று அதன் 16ஆம் பிரிவு சொல்கிறது. வெளிநாட்டு முதலாளிக்காக வந்து பேச்சுவார்த்தை நடத்தலாம், விலைப்புள்ளி தயாரிக்கலாம், ஒப்பந்தம் போடலாம், போட்ட ஒப்பந்தம் சரியாக நடக்கிறதா என்று மேற்பார்வை பார்க்கலாம். 180 நாளில் 90 நாளுக்குள் இருந்தால் இதெல்லாம் வேலையாகவே கருதப்படாது. ஆனால் வாடிக்கையாளர் அலுவலகத்தில் அவர்கள் டீமோடு உட்கார்ந்து மூன்று வாரம் சாஃப்ட்வேர் கோடு எழுதுவது வேலைதான். சம்பளம் சென்னையில் ஏறுகிறது என்ற வாதம் அங்கே எடுபடாது.

மெஷின் சம்பந்தப்பட்ட பயணம் 19ஆம் பிரிவில் வரும். நம் ஊர்க் கம்பெனிகள் தடுமாறும் இடம் இது. திருப்பூர் யூனிட் ஒன்று ஜெர்மன் நிட்டிங் மெஷின் வாங்கியிருக்கிறது, அதைச் சரிபார்த்து ஏற்கவும் இயக்கக் கற்கவும் ஆள் போகிறார் என்றால் சிக்கல் இல்லை. கோவைக் கம்பெனி விற்ற பம்ப்பை அங்கே மாட்டி ஓடவிட, அல்லது ரிப்பேர் பார்க்கப் போகிறார் என்றால், வேலை தொடங்கும் முன்பே அனுப்பும் கம்பெனி ஜெர்மன் வேலைவாய்ப்பு முகமைக்கு அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். செகண்ட் ஹேண்ட் மெஷினை அங்கே கழற்றி இங்கே கொண்டுவந்து நிறுவுவதற்கும் அதே அறிவிப்பு வேண்டும். அந்த நகலை விண்ணப்பத்தோடு வைத்துவிடுங்கள். மென்பொருளும் இந்தப் பிரிவில் சேரும், ஆனால் அது உங்கள் கம்பெனியிடமே ஆர்டர் கொடுத்து வாங்கியதாக இருக்க வேண்டும். இங்கே வரம்பு 12 மாதத்தில் 90 நாள். 180 நாள் கணக்கோடு இதைக் குழப்பிக்கொண்டு இரண்டாவது பயணத்தில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

இப்போது ஜெர்மன் கம்பெனி அனுப்பும் அழைப்புக் கடிதம். ‘பிசினஸ் டிஸ்கஷன்’ என்று இரண்டே வார்த்தையில் முடியும் கடிதத்தால் பயனில்லை. எந்த ஆர்டர் அல்லது ஒப்பந்தம், அதன் எண், என்ன கூட்டம், எந்த ஊரில், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, வருபவரின் பெயர், பதவி, பாஸ்போர்ட் எண், இவ்வளவும் வேண்டும். செலவை அவர்கள் ஏற்பதாக இருந்தால் ஜெர்மன் வசிப்புரிமைச் சட்டத்தின் 66 முதல் 68 வரையிலான பிரிவுகளைக் குறிப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். நம் கம்பெனி கொடுக்கும் கவர் லெட்டரும் அதையே சொல்ல வேண்டும். ஒன்றில் ‘மீட்டிங்’, இன்னொன்றில் ‘இன்ஸ்டலேஷன் சப்போர்ட்’ என்று இருந்தால் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? ‘டிரெயினிங்’, ‘சப்போர்ட்’ போன்ற வார்த்தைகளைப் போகிறபோக்கில் எழுதாதீர்கள். யார் யாருக்கு எதில் பயிற்சி தருகிறார் என்று முழு வாக்கியமாக எழுதுங்கள்.

மற்றவை வழக்கமானவை. பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுக்குள் வாங்கியதாக, திரும்பும் தேதிக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாக, 2 வெற்றுப் பக்கங்களோடு இருக்க வேண்டும். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றுக்கும் பொருந்துவதாக எடுக்க வேண்டும். 2024 ஜூன் 11 முதல் கட்டணம் 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்கு முன்னால் கொடுத்துவிட வேண்டும். முடிவுக்கு 15 நாள் என்பது விதி. கூடுதல் ஆய்வு தேவைப்பட்டால் 45 வரை இழுக்கலாம். அப்பாயின்ட்மென்ட் கிடைக்கும் நாளையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கடந்த 59 மாதத்துக்குள் கைரேகை கொடுத்திருந்தால் அதையே எடுத்துக்கொள்ள முடியும்.

பாரிஸில் 2 நாள், முனிச்சில் 6 நாள் என்றால் விண்ணப்பம் ஜெர்மனிக்கு. இரண்டிலும் சம நாள், சம முக்கியத்துவம் என்றால் மட்டுமே முதலில் நுழையும் நாடு. சீக்கிரம் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிறது என்று வேறு நாட்டில் கொடுத்தால் ஹோட்டல் புக்கிங்கே காட்டிக்கொடுத்துவிடும்.

விசா கைக்கு வந்ததும் ஸ்டிக்கரைப் படியுங்கள். செல்லுபடியாகும் தேதிகள் ஒன்று, தங்கக்கூடிய நாள்கள் வேறொன்று. தேதி இடைவெளி 25 நாள் இருந்து, தங்கும் நாள் 10 என்று இருந்தால் 10 நாள்தான். நுழையும் நாளும் வெளியேறும் நாளும் கணக்கில் சேரும்.

அடிக்கடி போகிறவர்களுக்கு 90/180 கணக்கு சறுக்கும். அது ஜனவரி-ஜூன் என்று நிற்கும் அரையாண்டு அல்ல. அங்கே இருக்கும் ஒவ்வொரு நாளிலிருந்தும் பின்னோக்கி 180 நாள் எண்ண வேண்டும். ஜனவரி 10 முதல் மார்ச் 10 வரை இருந்தால், லீப் ஆண்டு அல்லாதபோது 60 நாள் போய்விட்டது. மே 5 மறுபடி நுழைந்தால் ஜூன் 3 கடைசி நாள். பழைய நாள்கள் கழியத் தொடங்குவது ஜூலை 9 முதல்தான். 2025 அக்டோபர் 12 முதல் எல்லைகளில் படிப்படியாகக் கணினிப் பதிவு வந்துவிட்டது, ஆகவே முத்திரை மங்கிவிட்டது என்று சமாளிக்க வழியில்லை.

ஒழுங்காகப் போய்வந்தவர்களுக்குப் பலன் உண்டு. 2024 ஏப்ரலில் இந்தியர்களுக்கென்று வந்த முறைப்படி, 3 ஆண்டுக்குள் 2 விசாக்களை முறையாகப் பயன்படுத்தியிருந்தால் 2 ஆண்டு மல்டிபிள் என்ட்ரி, அதன்பின் 5 ஆண்டு கிடைக்க வாய்ப்பு உண்டு. பாஸ்போர்ட்டில் அவ்வளவு ஆயுள் மிச்சம் இருக்க வேண்டும்.

மறுக்கப்பட்டால், முன்பு தூதரகத்துக்கே மறுபரிசீலனை மனு எழுதுவோம். 2025 ஜூலை 1 முதல் அது இல்லை. பெர்லின் நிர்வாக நீதிமன்றம் அல்லது புது விண்ணப்பம். பத்து நாள் பயணத்துக்குக் கோர்ட் ஏறுவது கட்டுப்படியாகாது, புது விண்ணப்பமே போடுங்கள். பழைய விண்ணப்பம் விசா தகவல் தொகுப்பில் 5 ஆண்டு இருக்கும். புதுக் கடிதத்தில் வேலை விவரம் மாறியிருந்தால், ஏன் மாறியது என்று கவர் லெட்டரில் இரண்டு வரி எழுதி அனுப்புங்கள்.