சொட்டும் பாட்டிலும் உலர்ந்த கூண்டும்

கினிப் பன்றிக் கூண்டின் ஒரு மூலை மட்டும் எப்போதும் ஈரமாகவே இருந்தால், அங்கேதான் அது சிறுநீர் கழிக்கிறது என்று பெரும்பாலும் எண்ணிவிடுகிறோம். அந்த மூலைக்கு நேர்மேலே தண்ணீர் பாட்டில் தொங்குகிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். சென்னையில் எங்கள் வீட்டுப் பின்வராந்தாவில், வெயில் நேராகப் படாத இடத்தில் ஒரு மரக்கூண்டு வைத்து இரண்டு கினிப் பன்றிகளை வளர்த்து வருகிறோம். அவற்றின் படுக்கையை உலர்வாக வைத்திருப்பதற்குப் பாட்டிலைப் பற்றி அறிந்திருப்பது எவ்வளவு அவசியம் என்பதைப் புதிதாக வளர்ப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

ஈரத்தைச் சிறு தொல்லையாக எண்ணக் கூடாது. கினிப் பன்றியின் உள்ளங்கால்களில் முடி கிடையாது. அங்குள்ள தோல் மிக மென்மையானது. நனைந்த படுக்கையில் நாள் முழுவதும் நிற்கும்போது அந்தத் தோல் ஊறிச் சிவந்து, வெடித்து, உள்ளே கிருமி நுழைந்து புண்ணாகிறது. ஆழமாகிவிட்ட பாதப்புண் ஆறுவதற்கு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் மருத்துவம் தேவைப்படும். அதே ஈரத்தில் சிறுநீரும் கலந்தால் பாக்டீரியாக்கள் அதிலுள்ள யூரியாவை அம்மோனியாவாக மாற்றுகின்றன. தரையோடு தரையாக மூக்கை வைத்து வாழும் விலங்கு அந்தக் காற்றைத்தான் இரவு பகலாகச் சுவாசிக்கிறது என்பதையும், கினிப் பன்றிகளுக்கு நுரையீரல் தொற்று எளிதில் உயிருக்கே ஆபத்தாக முடியும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு சொட்டின் விலை புரியும். நனைந்த உலர்புல்லில் பூஞ்சை பிடிப்பதும், ஈரமான முடியை ஈக்கள் தேடி வருவதும் இவற்றோடு சேர்ந்துகொள்ளும்.

பாட்டில் ஏன் சொட்டுகிறது? தண்ணீர் நிறைந்த டம்ளரின் வாயைக் காகிதத்தால் மூடிக் கவிழ்த்துக் காட்டும் பள்ளிக்கூடச் சோதனையில் நிகழ்வதுதான் இதிலும் நிகழ்கிறது. தலைகீழாகத் தொங்கும் பாட்டிலின் மேற்பகுதியில் அடைபட்ட காற்றின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடச் சற்றுக் குறைவாக இருப்பதால்தான் தண்ணீர் கீழே கொட்டாமல் நிற்கிறது. விலங்கு நக்கிக் குடிக்கும் குழாயின் முனையில் உள்ள எஃகுக் குண்டு வழியை முழுவதுமாக அடைப்பதில்லை; குண்டுக்கும் குழாய்க்கும் நடுவிலுள்ள மெல்லிய இடைவெளியில் நீரின் பரப்பு இழுவிசை காற்றை உள்ளே விடாமல் தடுக்கிறது. இந்தச் சமநிலை குலைந்தால் தண்ணீர் சொட்டத் தொடங்கும்.

நம் ஊரில் அதைக் குலைப்பதில் முதலிடம் வெப்பத்துக்கு. 500 மில்லி பாட்டிலில் 350 மில்லி காலியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விடியற்காலையில் 27 டிகிரியாக இருந்த வெப்பம் நண்பகலில் 36 டிகிரியாக உயர்ந்தால், உள்ளே உள்ள காற்று சுமார் 3 சதவீதம் விரிந்து, 10 மில்லிக்குக் குறையாமல் தண்ணீரை வெளியே தள்ளிவிடும். இரவில் குளிர்ந்ததும் அந்தக் காற்று சுருங்கி, வெளிக்காற்றைக் குழாய் வழியாகக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுநாள் மீண்டும் சொட்டும். ஆகவே பழுதே இல்லாத பாட்டிலும் வெயில் காலத்தில் சொட்டத்தான் செய்யும். அதே பாட்டில் விளிம்பு வரை நிரப்பப்பட்டு, உள்ளே 30 மில்லி காற்று மட்டுமே இருந்தால் வெளியேறுவது ஏறத்தாழ ஒரு மில்லிதான். பாதி காலியானதும் நிரப்பிக்கொள்ளலாம் என்று காத்திராமல், நாள்தோறும் காலையில் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டு முழுவதுமாக நிரப்புவதே இதற்குச் சரியான வழி. 27, 28 டிகிரியைத் தாண்டும் வெப்பம் கினிப் பன்றிக்கே ஆகாது என்பதால், கோடையில் நாங்கள் கூண்டையே கூடத்துக்குள், மின்விசிறி ஓடும் இடத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறோம். பாட்டிலுக்கும் அது நல்லதாகவே அமைகிறது.

வெப்பத்துக்குச் சம்பந்தமில்லாமல் ஓயாது சொட்டினால், காற்று எங்கிருந்தோ உள்ளே போகிறது என்று பொருள். பாட்டிலை நிரப்பி, மூடியை இறுக்கி, ஒரு வாளிக்கு மேல் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். முதலில் சில சொட்டுகள் விழுவது இயல்பு. ஓரிரு நிமிடங்களில் நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால் குமிழிகளைக் கவனியுங்கள். கழுத்தருகே மறையிலிருந்து குமிழி கிளம்பினால் மூடிக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் கோணலாக உட்கார்ந்திருக்கிறது, அல்லது காய்ந்து விறைத்துவிட்டது. குழாய்க்குள்ளிருந்து விடாமல் குமிழி வந்தால் குண்டு சரியாக உட்காரவில்லை. குமிழியே தெரியாமல் நீர்மட்டம் மட்டும் இறங்கிக்கொண்டே போனால், மேலே இருக்கும் பாட்டிலின் அடிப்பகுதியில் மயிரிழை விரிசல் இருக்கிறது. அந்தப் பாட்டிலை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

குண்டு சரியாக உட்காராததற்கு இரண்டு காரணங்களைத்தான் அடிக்கடி பார்க்கிறேன். கினிப் பன்றிகள் வாயில் மென்ற தீவனத்தோடு தண்ணீர் குடிக்க வருவதால், அந்தத் துணுக்குகள் குழாய்க்குள் ஏறி ஒட்டிக்கொள்கின்றன. மற்றொன்று, போர் தண்ணீரின் உப்பு வெண்மையாகக் குண்டின் மேல் படிவது. வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து குழாயை அரை மணி நேரம் ஊறவைத்து, பஞ்சுக்குச்சியால் உட்புறத்தைத் துடைத்து, நன்றாக அலசினால் இரண்டும் போய்விடும். தண்ணீரில் வைட்டமின் சி சொட்டு மருந்து கலந்து வைக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அந்த வைட்டமின் தண்ணீரில் விரைவில் சிதைந்துவிடும். மருந்து இனிப்புப் பாகில் செய்யப்பட்டிருந்தால் குழாயில் பிசுபிசுப்பும் சேரும். கினிப் பன்றியின் உடல் வைட்டமின் சி-யைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது என்பது உண்மைதான். ஆனால் அதைக் குடைமிளகாய்த் துண்டாகக் கொடுப்பதே நல்லது.

தொங்கவிடும் இடத்திலும் கவனம் வேண்டும். குழாய் முனையில் ஒரு புல் தாள் உரசிக்கொண்டிருந்தாலே போதும், திரி எண்ணெயை இழுப்பதுபோல் அது தண்ணீரை இழுத்து இரவோடு இரவாகப் பாட்டிலைக் காலி செய்துவிடும். புல் வைக்கும் தொட்டியைப் பாட்டிலுக்கு எதிர்ப்பக்கத்தில் வைத்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும். கம்பி வலையில் தளர்வாகக் கட்டிய பாட்டில், விலங்கு ஓடும்போதெல்லாம் அதிர்ந்து சொட்டும். மெல்லிய பிளாஸ்டிக் பாட்டிலை மிக இறுக்கிக் கட்டினாலோ அது நசுங்கித் தண்ணீரை வெளியே தள்ளும். தடித்த பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிப் பாட்டிலே நிலையாக நிற்கிறது.

இத்தனையும் செய்த பிறகும் சொட்டு விழும் என்ற எண்ணத்தோடுதான் கூண்டை அமைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உறங்கும் அறைக்கு மிகத் தொலைவான மூலையில் பாட்டில் இருக்கட்டும். அதன் கீழே படுக்கை எதுவும் இல்லாமல் ஒரு தரை டைலைப் போட்டு, அதன்மேல் குழாய் முனைக்கு நேராகக் கனமான சிறு பீங்கான் கிண்ணத்தை வைத்துவிடுகிறோம். அந்தப் பக்கத்துக் கூண்டுக் கால்களைவிட எதிர்ப்பக்கக் கால்களுக்கு மெல்லிய பலகைத் துண்டு கொடுத்துச் சற்று உயர்த்தியிருக்கிறோம். இதனால் கிண்ணம் நிறைந்து வழிந்தாலும் தண்ணீர் படுக்கைப் பக்கம் ஓடாது. ப்ளைவுட் தளம் ஊறினால் உப்பிவிடும் என்பதால் அதன்மேல் தடித்த பிளாஸ்டிக் விரிப்பும் உண்டு. அதன் ஓரங்கள் பற்களுக்கு எட்டாதபடி மடித்து அடிக்கப்பட்டிருக்கின்றன.

படுக்கைக்கு ஃபிளீஸ் எனப்படும் மென்மையான செயற்கை இழைத் துணியும் அதன் அடியில் பழைய பருத்தித் துண்டுகளும் விரிக்கிறோம். ஃபிளீஸ் ஈரத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் கீழே கடத்திவிடுவதால், கால் படும் இடம் உலர்வாக இருக்கும். ஆனால் துணியை மென்மையாக்கும் திரவம் போட்டுத் துவைத்தால் அந்தக் குணம் கெட்டுவிடும். தச்சுப் பட்டறையில் கிடைக்கும் மரத்தூளை விரிக்கச் சொல்பவர்கள் உண்டு. அதன் நுண்தூசி நுரையீரலுக்குக் கேடு. பூச்சிமருந்து தடவிய மரமா என்பதும் நமக்குத் தெரியாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயாது. ஆகையால் மூன்று மாற்றுகளாவது கையிருப்பில் இருக்க வேண்டும். சற்றே ஈரமான துணியைப் பரவாயில்லை என்று விரித்துவிடக் கூடாது.

ஈரம் கீழே போய்விடும் என்று சொல்லிக் கம்பி வலைத் தளமிட்ட கூண்டுகளை விற்கிறார்கள். தயவுசெய்து அதை வாங்காதீர்கள். ஈரம் செய்யும் அதே கேட்டை அந்தக் கம்பியும் பாதத்துக்குச் செய்கிறது. விரல்கள் மாட்டி முறிவதும் உண்டு. இரவில் மட்டும் பாட்டிலைக் கழற்றிவிடலாம் என்ற யோசனையும் தவறு. உலர்ந்த புல்லைத் தின்று வாழும் விலங்குக்குத் தண்ணீர் எந்நேரமும் எட்டும்படி இருக்க வேண்டும்.

ஒரு கிலோ எடையுள்ள கினிப் பன்றி நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 மில்லி குடிக்கும். கீரை, வெள்ளரி நிறையத் தின்றால் இன்னும் குறையும். பாட்டில் வழக்கத்தைவிட வேகமாகக் காலியானால், கூண்டுக்குள் வேறொரு பாட்டிலை வைத்துவிட்டு, ஐயத்துக்குரியதைக் கூண்டுக்கு வெளியே அருகிலேயே ஒரு டம்ளருக்கு மேல் ஒரு நாள் முழுவதும் தொங்கவிடுங்கள். டம்ளரில் சேர்வதுதான் கசிவு. டம்ளரில் சில சொட்டுகளே சேர்ந்திருந்து, கூண்டுக்குள் இருக்கும் பாட்டிலும் அதே வேகத்தில் காலியானால், தண்ணீரைக் குடிப்பது விலங்குதான். அளவுக்கு மீறிய தாகம் சிறுநீரக நோய்க்கும் நீரிழிவுக்கும் அறிகுறியாக இருக்கலாம் என்பதால், நாள் கடத்தாமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். எத்தனை மில்லி குடித்தது என்பதையும் எழுதி எடுத்துச் சென்றால் அவருக்கு உதவியாக இருக்கும்.