கடைசியாக வாங்கப்போகும் டர்போ

என்னிடம் இருப்பது 1991-ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5. முதல் தலைமுறை வண்டி, 1.6 லிட்டர் எஞ்சின், ஐந்து கியர், கையால் மடிக்கும் துணிக்கூரை. எடை ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு. புதிதாக விற்பனைக்கு வந்தபோது இதன் எஞ்சினுக்கு 115 குதிரைத்திறன். இங்கிலாந்தின் கிராமத்துச் சாலைகளில் வளைந்து வளைந்து ஓட்டுவதற்கு இதைவிட இனிமையான வண்டியை நான் ஓட்டியதில்லை. ஆனால் மோட்டார்வேயில் நுழையும் ஏற்றத்தில், மிதியை முழுவதுமாக அழுத்திய பிறகும் பின்னால் வரும் சாதாரணக் குடும்பக் கார் கண்ணாடியில் பெரிதாகிக்கொண்டே வரும்போது, இதன் மூச்சு எவ்வளவு சிறியது என்பது தெரிந்துவிடும். இதற்கு ஒரு டர்போ, அதாவது வெளியேறும் புகையின் விசையால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி, பொருத்த வேண்டும் என்ற ஆசை எனக்கு மூன்று ஆண்டுகளாக இருக்கிறது. இந்தக் குளிர்காலத்தில் வீட்டு கராஜிலேயே அந்த வேலையை முடித்துவிடலாம் என்று நோட்டுப் புத்தகமும் கால்குலேட்டருமாக உட்கார்ந்தபோது, டர்போவின் பெயர் பட்டியலில் மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே போய்க் கடைசி வரிக்கு வந்துவிட்டது.

முதலில் எத்தனை குதிரைத்திறன் வேண்டும் என்பதை முடிவு செய்தாக வேண்டும். இந்த எஞ்சினில் பிஸ்டனைச் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகள் சக்கரத்தில் ஏறக்குறைய 250 குதிரைத்திறன் வரை தாங்கும் என்று இந்த வண்டியில் கைபழகியவர்கள் சொல்வதுண்டு. ஆனால் ராடை வளைப்பது உச்ச வேகத்தில் கிடைக்கும் குதிரைத்திறனைவிட, குறைந்த சுழற்சியில் திடீரென்று ஏறும் முறுக்குவிசைதான். சின்ன டர்போ ஒன்றை நிமிடத்துக்கு 3000 சுழற்சியிலேயே முழு பூஸ்டுக்கு, அதாவது அது தரும் முழுக் கூடுதல் காற்றழுத்தத்துக்கு, கொண்டுவந்தால், ஓட்டுவதற்குச் சுகமாக இருக்கும். சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தைப் பற்றி ராடுகளைத்தான் கேட்க வேண்டும். ராடுகளுக்கு முன்பாகவே கைகொடுக்காமல் போகக்கூடியது எஞ்சினின் விசையை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும், பின் அச்சிலுள்ள டிஃபரென்ஷியல். 1.6 வண்டிகளுக்கு மாஸ்டா கொடுத்தது சிறியது, 1.8 எஞ்சின் வந்தபோது அதையும் பெரிதாக்கினார்கள். இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்து, எஞ்சினில் 170 குதிரைத்திறன் போதும் என்று முடிவு செய்தேன். பிரிட்டனின் பிபிஆர் நிறுவனம் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இதே வண்டிக்கு டர்போ பொருத்தி 150 குதிரைத்திறன்தான் எடுத்தது என்பதை நினைத்தால், என் ஆசை பேராசை ஆகாது.

இனி காற்றுக் கணக்கு. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் கொள்ளளவை உறிஞ்சுகிறது. ஆகவே 6500 சுழற்சியில் 1.6 லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 5200 லிட்டர் இழுக்க வேண்டும். 90 சதவீதம் நிரம்புகிறது என்று வைத்தால் 4680 லிட்டர். எடையில் ஏறக்குறைய 5.6 கிலோ. அரை பார் (வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய பாதி) பூஸ்ட் கொடுத்து, அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைத் தாண்டிய காற்று 45 டிகிரியில் இருக்கும் என்று கொண்டால், அது 7.7 கிலோ ஆகிறது. நிமிடத்துக்கு ஒரு கிலோ காற்றுக்கு 22 குதிரைத்திறன் என்ற தோராயக் கணக்கின்படி, நான் நினைத்த 170 அப்படியே வந்து நிற்கிறது. காரெட் டி25 போன்ற சின்ன டர்போவுக்கே இது எளிதான வேலை. விளம்பரங்களில் பளபளக்கும் பெரிய டர்போக்களை நான் பார்ப்பதை நிறுத்தியது இந்தப் பக்கத்தை எழுதி முடித்த இரவில்தான்.

இதில் ஏமாற்றிவிடக்கூடியது வெப்பம். 30 டிகிரிக் காற்றை அரை பாருக்கு அமுக்கினால், டர்போவில் காற்றை அமுக்கும் பகுதியான கம்ப்ரஸரின் திறன் 70 சதவீதமாக இருக்கும்பட்சத்தில், அது 80 டிகிரியைத் தாண்டி வெளியே வருகிறது. இந்த எஞ்சினின் அமுக்க விகிதம், அதாவது காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவையைப் பிஸ்டன் எத்தனை மடங்கு சுருக்குகிறது என்பது, 9.4, டர்போவுக்கென்றே பிறந்த எஞ்சின்களில் அந்தக் காலத்தில் 8-ஐ ஒட்டி வைப்பார்கள். சூடான காற்றும் உயர்ந்த விகிதமும் சேர்ந்தால் தீப்பொறியிலிருந்து பரவும் தீ வந்து சேரும்வரை காத்திராமல் மீதிக் கலவை தானே வெடிக்கும். அந்த நாக்கிங் சில நொடிகள் நீடித்தாலே பிஸ்டனின் விளிம்பு உடைந்துபோகலாம். 1962-இல் ஓல்ட்ஸ்மொபீல் நிறுவனம் ஜெட்ஃபயர் என்ற டர்போ காரை 10.25 விகிதத்தோடு விற்றது. நாக்கிங்கைத் தடுக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை ஒரு தனித் தொட்டியிலிருந்து எஞ்சினுக்குள் தெளித்தது. வாங்கியவர்களில் பலர் அந்தத் தொட்டியை நிரப்பவே மறந்தார்கள். என் மறதி எனக்குத் தெரியும் என்பதால் நான் அந்த வழிக்குப் போகவில்லை. ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு நல்ல இன்டர்கூலர், 99 ஆக்டேன் பெட்ரோல், பூஸ்ட் ஏறும்போது தீப்பொறியைத் தாமதப்படுத்தும் எஞ்சின் கணினியான இ.சி.யு. ஆகியவற்றை நம்புகிறேன்.

எரிபொருளும் இதே கணக்கிலிருந்துதான் வருகிறது. பூஸ்டில் ஒரு பங்கு பெட்ரோலுக்குப் பன்னிரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் காற்று இருப்பது பாதுகாப்பு. அப்படியானால் பெட்ரோலைத் தெளிக்கும் நான்கு இன்ஜெக்டர்களில் ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 220 மில்லி தெளிக்க வேண்டும். அதை 80 சதவீத நேரத்துக்குமேல் திறந்துவைக்கக் கூடாது என்றால் 275 மில்லி கொள்ளளவு தேவை. வண்டியோடு வந்தவை இருநூற்றுச் சொச்சம்தான். கதவுபோல் ஆடிக் காற்றை அளக்கும் பழைய மீட்டரும் இந்த வேலைக்கு ஆகாது. ஆகவே புதிய இன்ஜெக்டர்கள், அழுத்தத்தையும் வெப்பத்தையும் நேரடியாக அளக்கும் சென்சார்கள், நாமே அமைத்துக்கொள்ளக்கூடிய மெகாஸ்குவர்ட் வகை இ.சி.யு., கலவையின் விகிதத்தைப் புகையிலிருந்து சொல்லும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் எல்லாம் முதலில் வர வேண்டும். இவற்றை டர்போ இல்லாமலேயே பொருத்தி, ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பூஸ்டைப் பற்றிப் பேசுவேன்.

எனக்கு மிகவும் அச்சம் தரும் வேலை ஒரு துளை. டர்போவின் தண்டு ஆயில் படலத்தின் மேல் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. அங்கே அழுத்தத்தோடு நுழையும் ஆயில், நுரைத்துப்போய், வெறும் புவியீர்ப்பால்தான் கீழே இறங்க வேண்டும். குழாய் அகலமாகவும் எங்குமே மேடு இல்லாமல் சரிந்தும் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஆயில் தேங்கி, சீலைத் தாண்டி, நீலப் புகையாக வெளியேறும். அந்தக் குழாய் போய்ச் சேர எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்பில் ஒரு துளை போட்டு மரை வெட்ட வேண்டும். இந்த வண்டியில் சம்பைக் கழற்றுவதற்கு முன் எஞ்சினைத் தாங்கும் சட்டமான சப்ஃபிரேமையே இறக்கவேண்டும் என்பதால், பலரும் வண்டிக்கு அடியில் படுத்தபடியே, ட்ரில் முனையில் கிரீஸை அப்பி, நான்கு சுற்றுக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துடைத்துத் துடைத்துத் துளைக்கிறார்கள். உலோகத் துகள்கள் கிரீஸில் ஒட்டிக்கொள்ளும். பழைய தகரத் தட்டு ஒன்றில் நான் இரண்டு முறை ஒத்திகை பார்த்துவிட்டேன்.

வலுவான கிளட்ச், 1.8 வண்டியின் டிஃபரென்ஷியல், காப்பீட்டு நிறுவனத்துக்கு முன்கூட்டியே எழுதும் கடிதம் ஆகியவை பணமும் பொறுமையும் இருந்தால் முடிந்துவிடும். குளிர்நீர் வழிதான் வேறு கதை. குறுக்காக வைக்கும் கார்களுக்காக வடிவமைத்த எஞ்சின் குடும்பத்தை இங்கே நெடுக்காக வைத்தபோது, குளிர்நீர் வெளியேறும் வாயிலிலுள்ள வால்வான தெர்மோஸ்டாட்டை முன்பக்கம் கொண்டுவந்தார்கள். அதனால் நீர் முன்பக்கமே நுழைந்து முன்பக்கமே வெளியேற, பின்னாலிருக்கும் நான்காவது சிலிண்டர் மற்றவற்றைவிடச் சூடாகவே ஓடுகிறது. டர்போ வைப்பவர்கள் இந்த வழியைப் பின்பக்கமாகத் திருப்பிவிடுகிறார்கள்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை, எதையும் வாங்குவதற்கு முன், எஞ்சினையே ஒருமுறை சோதித்தேன். ஆரம்பக்கால 1.6 எஞ்சின்களில் கிராங்க் ஷாஃப்டின் மூக்கு, அதாவது கப்பி மாட்டும் முன்முனை, குட்டையாக இருக்கும். கப்பியைப் பூட்டிவைக்கும் சாவித்தடம் தேய்ந்து அது ஆடத் தொடங்கும். கப்பியில் நான்கு பிளவுகள் இருந்தால் குட்டை மூக்கு, எட்டு என்றால் நீளமானது. டார்ச் வெளிச்சத்தில் இரண்டு முறை எண்ணினேன். எட்டு. பிறகு எஞ்சினைச் சூடாக்கி, எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, மிதியை முழுவதும் அழுத்தி, சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் மீட்டரை ஒவ்வொன்றாகச் சொருகினேன். 170, 172, 168 பிஎஸ்ஐ. நான்காவது 128. ஒரு கரண்டி ஆயிலை ஊற்றி மறுபடி பார்த்தபோதும் 132-க்கு மேல் ஏறவில்லை. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருந்தால் ஆயில் அந்த இடுக்கை அடைத்து எண் நன்றாக ஏறியிருக்கும். ஆகவே வளையங்கள் தப்பித்தன. அந்தச் சிலிண்டரில் காற்றைச் செலுத்திவிட்டுப் பின்னால் போய்க் குனிந்தால், சைலன்சர் வாயில் மெல்லிய சீறல் கேட்டது. புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு சரியாக மூடி உட்காரவில்லை.

டர்போவுக்கென்று ஒதுக்கிய பணம் இப்போது வால்வுகள் இருக்கும் சிலிண்டர் ஹெட்டுக்குப் போகிறது. அது கழன்று கீழே இருக்கும்போதே டைமிங் பெல்ட்டை மாற்றிவிடலாம். ஹெட்டின் பின்சுவரில், வண்டியின் தடுப்புச் சுவரோடு ஒட்டிக் கைநுழையாத அந்த இடுக்கில் பொருத்த வேண்டிய குளிர்நீர்க் குழாயையும் மேசைமேல் வைத்து நிதானமாக மாட்டிவிடலாம். அடுத்த சனிக்கிழமை நீரை வடிக்கிறேன்.