ராத்திரிக்கு முக்கால் லிட்டர்

குளிர்காலம் தொடங்கி மூன்றாவது வாரம். விடிய இன்னும் நேரம் இருந்தது. மகன் கட்டில் ஓரமாக வந்து நின்று, "அம்மா, மூக்கு ஒழுகுது" என்றான். விளக்கைப் போட்டேன். மூக்கிலிருந்து தாடை வரை ரத்தம், சட்டையின் கழுத்தெல்லாம் ரத்தம். ஏழு வயதுப் பிள்ளையை அப்படிப் பார்த்தால் கை நடுங்கத்தான் செய்யும். உட்காரவைத்து, தலையைச் சற்று முன்னால் சாய்த்து, மூக்கின் மென்மையான பாகத்தைப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்ததும் நின்றுவிட்டது. அந்த வாரத்திலேயே மறுபடி இரண்டு முறை வந்தது.

மருத்துவர் டார்ச் அடித்துப் பார்த்தார். மூக்கின் நடுச்சுவரில், முன்பக்கத்தில், மெல்லிய ரத்தக் குழாய்கள் பின்னிக்கிடக்கும் இடம் காய்ந்து பொருக்கு தட்டியிருந்தது. உப்புநீர்ச் சொட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, "ராத்திரி முழுக்க ஹீட்டர் ஓடுதா? ரூம்ல ஈரப்பதம் எவ்வளவு இருக்கு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஹீட்டரில் 21 டிகிரி வைத்திருக்கிறோம் என்பது மட்டும் தெரியும்.

யோசித்துப் பார்த்தால் வீடு ஏற்கெனவே சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. இருட்டில் போர்வையை உதறினால் பொறி பறக்கும். கதவுக் கைப்பிடியைத் தொட்டால் சுரீரென்று ஷாக் அடிக்கும். போன வருடம் மழை நாட்களில் இழுத்தாலும் வராத மர அலமாரிக் கதவு இப்போது தானாகத் திறந்துகொண்டது. காலையில் எழும்போது தொண்டை காகிதம் மாதிரி இருக்கும். என் தலைமுடியும் சீப்போடு ஒட்டிக்கொண்டு எழும்பி நிற்கும். ஹொராஸ் பெனெடிக்ட் டி சோசூர் என்ற ஜெனீவா அறிஞர் 1783இலேயே மனித முடியைக் கொண்டு ஈரப்பதம் அளக்கும் கருவியை விளக்கி எழுதியிருக்கிறார் என்று பிறகு படித்தேன். ஈரம் ஏறினால் முடி நீளும், காய்ந்தால் குறுகும். அதை வைத்தே அளந்திருக்கிறார்.

வெளியே பனிமூட்டம், உள்ளே வறட்சி. இது எப்படி என்பது எனக்கு முதலில் பிடிபடவில்லை. விஷயம் இதுதான். குளிர்ந்த காற்றால் தண்ணீரை அதிகம் தாங்க முடியாது. பூஜ்யம் டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று நிறைந்து வழிகிற அளவுக்கு ஈரமாக இருந்தாலும் அதில் இருப்பது 5 கிராமுக்கும் குறைவான நீராவி. அதே காற்று வீட்டுக்குள் வந்து 21 டிகிரிக்குச் சூடானால் அதற்கு 18 கிராம் வரை தாங்கும் வயிறு வந்துவிடுகிறது. உள்ளே இருப்பதோ அதே 5 கிராம். வெளியே 100 சதவீதமாக இருந்தது உள்ளே 25 அளவுக்கு இறங்கிவிடுகிறது. வெளியே மைனஸ் 10 என்றால் உள்ளே 11 சதவீதம் அளவுதான். ஹீட்டர் தண்ணீரை எடுத்துவிடுவதில்லை. காற்றின் தாகத்தைக் கூட்டிவிடுகிறது. அந்தத் தாகத்துக்குத் தோல், உதடு, மூக்கு, மரச்சாமான் என்று எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

காற்றில் ஈரம் ஏற்றும் மெஷினான ஹியூமிடிஃபையரில் அவசரத்தில் முதலில் வாங்கியது அல்ட்ராசோனிக் வகை. உள்ளே ஒரு சின்னத் தகடு காதுக்குக் கேட்காத வேகத்தில் அதிர்ந்து தண்ணீரைப் பொடிப்பொடியாக உடைத்து மூடுபனியாக விடும். சத்தமே இல்லை. பையனுக்கு அந்தப் புகையில் கை நீட்டி விளையாட ஆசை. நானும் குழாய்த் தண்ணீரை நிரப்பி, ராத்திரி முழுவதும் முழு வேகத்தில் ஓடவிட்டேன்.

நாலாம் நாள் அவனுடைய கறுப்பு மேசையில் விரலால் ஒரு கோடு இழுத்தேன். சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளைப் பொடி. புத்தக முதுகுகளில், விளக்கின் மேல், தலையணைக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியில், எல்லா இடத்திலும் அதே பொடி. குழாய்த் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் உப்புகள் அவை. துளி காற்றில் காய்ந்ததும் உப்பு மட்டும் மிஞ்சிப் படிகிறது. மேசையில் படிந்ததை ஈரத்துணியால் துடைத்துவிடலாம். மூச்சோடு உள்ளே போனதை என்ன செய்வது? அன்றிலிருந்து அந்த மெஷினில் காய்ச்சி வடித்த நீரைத் தவிர வேறு எதையும் ஊற்றியதில்லை. வீட்டில் சும்மா கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரை ஊற்றினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும். கரைந்த உப்பில் பெரும்பகுதி அப்படியேதான் இருக்கும்.

இரண்டாவது தப்பு இன்னும் பெரியது. அறையில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று அளக்காமலே ஓட்டினேன். பத்து நாளில் ஜன்னல் கண்ணாடியின் அடிப்பாகத்தில் தண்ணீர் கோத்து, சட்டத்தில் வழிந்து நின்றது. கட்டிலை இழுத்துப் பார்த்தால் வெளிச்சுவர் மூலையில் மிளகு தூவியது போல் கறுப்புப் புள்ளிகள். பூஞ்சை. மூக்கைக் காப்பாற்றப் போய் அவன் தலைமாட்டிலேயே அதை வளர்த்திருக்கிறேன். 50 சதவீதத்துக்கு மேல் ஈரம் நிலைத்தால் மெத்தையில் தூசி உண்ணிகளும் பெருகும். அவை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சிக்கொள்கின்றன.

ஆகவே யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: ஹியூமிடிஃபையருக்கு முன்னால் ஈரப்பதமானியை வாங்குங்கள். உள்ளங்கை அளவு டிஜிட்டல் கருவி போதும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வீட்டுக்குள் 30 முதல் 50 சதவீதம் வரை இருக்கலாம் என்கிறது. நான் 35க்கும் 40க்கும் நடுவில் வைத்துக்கொள்கிறேன். வெளியே குளிர் கடுமையாகும் நாட்களில் இன்னும் இறக்கிவிடுவேன். அறை 21 டிகிரியிலும் ஈரம் 40 சதவீதத்திலும் இருந்தால், 7 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் தண்ணீர் கோத்துக்கொள்ளும். கடுங்குளிரில் ஜன்னல் கண்ணாடி அதற்கும் கீழே போய்விடும். கண்ணாடியில் நீர் பூத்தால் மெஷினைக் குறைக்க வேண்டும் என்று அர்த்தம்.

கருவி சரியாகக் காட்டுகிறதா என்பதையும் வீட்டிலேயே பார்த்துவிடலாம். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. ஒரு பாட்டில் மூடியில் சாதாரணத் தூள் உப்பை நிரப்பி, சில சொட்டுத் தண்ணீர் விட்டு, ஈரமணல் பதத்துக்குக் குழைக்க வேண்டும். உப்பு முழுக்கக் கரைந்துவிடக் கூடாது. காற்றுப் புகாத டப்பாவில் அதையும் கருவியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூடி ஒரு ராத்திரி விட்டால், டப்பாவுக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். நனைந்த உப்பு எப்போதும் தன் மேலிருக்கும் காற்றை அந்த அளவிலேயே பிடித்துவைத்துக்கொள்கிறது. காலையில் மகன் டப்பாவைத் திறக்காமலே பிளாஸ்டிக் வழியாகப் படித்து, "70" என்றான். என் கருவி 5 குறைவாகக் காட்டுகிறது. அதில் ஒரு துண்டுக் காகிதத்தில் "+5" என்று எழுதி ஒட்டியிருக்கிறான்.

எவ்வளவு தண்ணீர் தேவை என்றும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் அறை, இரண்டரை மீட்டர் உயரம். 40 கன மீட்டர் காற்று. அதை 20 சதவீதத்திலிருந்து 40க்கு ஏற்ற 150 கிராம் தண்ணீர்கூட வேண்டாம், ஒரு டம்ளருக்கும் குறைவு. ஆனால் காற்று சும்மா இருப்பதில்லை. கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு வழியாக மணிக்குப் பாதி அறைக் காற்று மாறுகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த அளவைத் தக்கவைக்கவே மணிக்கு 70 கிராமுக்கு மேல் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு எல்லாம் சேர்ந்து முக்கால் லிட்டர் அளவில் வருகிறது. கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் போதும் என்று சொல்பவர்களுக்கு இதுதான் பதில். ஒரு கிண்ணம் ராத்திரிக்கு முக்கால் லிட்டரை ஆவியாக்காது. துவைத்த துணியை அறைக்குள் உலர்த்துவது அதைவிட நல்ல உதவி. அந்த நாட்களில் மெஷினே தேவைப்படாது.

அடுத்த குளிர்காலத்துக்குத் திரி வைத்த, ஃபேன் ஓடுகிற வகைக்கு மாறிவிட்டேன். நனைந்த திரியின் வழியாகக் காற்று போகிறது, தண்ணீர் ஆவியாகிறது, உப்பு திரியிலேயே தங்கிவிடுகிறது. காற்றில் ஈரம் ஏற ஏற ஆவியாவது தானாகவே மந்தமாகும் என்பதால் அளவு மீறுவதும் குறைவு. ஃபேன் சத்தம் இருக்கிறது, திரியை அவ்வப்போது மாற்றவும் வேண்டும். கொதிநீராவி வகை எங்கள் வீட்டுக்கு ஆகாது. சின்னப் பிள்ளை ஓடுகிற அறையில் கொதிக்கிற தண்ணீரை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

எந்த வகையானாலும் கழுவுவதில் சமாதானம் செய்துகொள்ளக் கூடாது. தொட்டியைக் கழற்றி, தண்ணீர் தேங்கும் அடிப்பள்ளத்தில் விரல் வைத்துப் பாருங்கள். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும், விரலுக்கு வழவழவென்று இருக்கும். அந்த வழவழப்பு கிருமிகள் கட்டிய ஏடு. அல்ட்ராசோனிக் மெஷினாக இருந்தால் அதையும் சேர்த்துத்தான் காற்றில் தூவும். தினமும் காலையில் மீதித் தண்ணீரைக் கொட்டித் துடைத்துக் காயவைக்கிறேன். மூன்று நாளுக்கு ஒருமுறை வினிகர் கலந்த தண்ணீரை அரை மணி நேரம் ஊறவிட்டு, பழைய பல் பிரஷால் மூலைகளைத் தேய்த்து, வாசனை போகும்வரை அலசுவேன். வினிகரோடு ப்ளீச் சேரவே கூடாது, விஷவாயு கிளம்பும்.

அந்தத் தண்ணீரில் நறுமணத் தைலமோ கிருமிநாசினியோ கலக்காதீர்கள். தென்கொரியாவில் 1994 முதல் ஹியூமிடிஃபையர் தண்ணீரில் கலப்பதற்கென்றே கிருமிநாசினித் திரவங்கள் விற்றார்கள். பிள்ளைகளின் அறை சுத்தமாக இருக்கட்டும் என்று பெற்றோர் வாங்கி ஊற்றினார்கள். 2011இல் கர்ப்பிணிகளும் அப்போதுதான் பிரசவித்தவர்களும் காரணம் தெரியாத நுரையீரல் நோயோடு அடுத்தடுத்து வந்து சேர்ந்த பிறகுதான் அந்தத் திரவம் மேல் சந்தேகம் விழுந்தது. நுண்துளியாக நுரையீரலுக்குள் போனபோது அது நஞ்சாகியிருந்தது. இறந்தவர்களில் கைக்குழந்தைகளும் உண்டு. தன் கையாலேயே தினமும் ஊற்றிய அம்மாக்களை நினைத்தால் இன்றும் தொண்டை அடைக்கிறது. நமக்கு வேண்டியது தண்ணீர் மட்டும்தான்.

மகனுக்கு மூக்கில் ரத்தம் வருவது அடியோடு நின்றுவிடவில்லை. இந்தக் குளிர்காலத்தில் ஒரே ஒரு முறை வந்தது, ஊருக்குப் போய்விட்டு வந்த அலுப்பில் தொட்டியை நிரப்பாமல் படுத்த ராத்திரி. இப்போது படுக்கும் முன் அவனே கருவியைப் பார்த்து 5ஐக் கூட்டிக் காலண்டரில் எழுதிவைக்கிறான். நேற்று 37. அதற்குக் கீழே பென்சிலால், "அம்மா தண்ணி ஊத்தியாச்சு."