ஹெஃப்ட் என்றொரு ஆட்டுக்காரச் சொல்

ஆங்கில அகராதியில் ஹெஃப்ட் என்று தேடினால் முதலில் கிடைப்பது எடை. ஒரு சாமானைக் கையில் தூக்கிக் கனம் பார்ப்பதற்கும் அதே சொல்தான். எனக்குப் பிடித்த பொருள் இன்னும் கீழே, வட இங்கிலாந்து, ஸ்காட்லாந்து வழக்கு என்ற குறிப்போடு இருக்கும்: ஒரு செம்மறி மந்தை தனக்கென்று பழகிக்கொண்ட மலைப்பகுதி. மந்தையை அப்படிப் பழக்குவதும் ஹெஃப்ட்தான். நான் வேலை பார்க்கும், வடமேற்கு இங்கிலாந்தின் கம்ப்ரியாவில் ஹீஃப் என்றும் சொல்வார்கள்.

இங்கே, கம்ப்ரியாவின் மலைப்பகுதியான லேக் டிஸ்ட்ரிக்டில், மலைக்கு ஃபெல் என்று பெயர். அடிவாரத்தில் கல்சுவர்கள் உண்டு. மேலே பெரும்பாலும் பொது மேய்ச்சல் நிலம், வேலியே கிடையாது. ஆனாலும் பக்கத்துப் பக்கத்துப் பண்ணை ஆடுகள் தத்தம் பக்கத்திலேயே மேயும். குட்டி தன் முதல் கோடையில் தாயின் பின்னாலேயே சுற்றி, புல் எங்கே நன்றாக இருக்கும், காற்றடித்தால் எங்கே ஒண்டலாம் என்று தெரிந்துகொள்கிறது. தானே தாயானதும் தன் குட்டிக்கு அதையே காட்டிக் கொடுக்கிறது. ஹெர்ட்விக் என்ற உள்ளூர் இனம் இதில் கெட்டி. (கறுப்பாகப் பிறந்து, வயதாக ஆகச் சாம்பல் நிறமாகி, முகம் வெளுத்துவிடும். பார்க்கச் சிரித்த மாதிரியே இருக்கும்.)

வழிதவறும் ஆடுகளும் இல்லாமலில்லை. அதற்குத்தான் கம்பளியில் சாயக்குறி, காதில் வெட்டுக்குறி. எந்தக் குறி எந்தப் பண்ணை என்று காட்டும் கையேடு 1817இலேயே அச்சாகியிருக்கிறது. ஒரே ஆட்டுப் படத்தை வரிசையாகப் போட்டு, குறியை மட்டும் மாற்றியிருப்பார்கள்.

பல பண்ணைகளில் மந்தை நிலத்துக்காரருடையது. குத்தகைக்கு வருபவர் ஆடுகளையும் சேர்த்தே ஏற்க வேண்டும், போகும்போது மந்தையை அங்கேயே விட்டுப் போக வேண்டும். ஏன் என்பது 2001இல் நன்றாகவே தெரிந்தது. அந்த வருடக் கோமாரியில் பிரிட்டன் முழுக்க 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள். அதிகம் அடிபட்டது கம்ப்ரியா. நஷ்டஈட்டுப் பணத்தில் வேறு ஆடு வாங்கலாம், சரி. வாங்கிவந்த ஆட்டுக்கு மலை தெரியாதே! அது பாட்டுக்கு அடுத்த பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடும். சில இடங்களில் தற்காலிக வேலி போட்டார்கள். மற்றபடி ஆளும் நாயுமாகப் போய்த் திரும்பத் திரும்ப ஓட்டிவர வேண்டியதுதான்.

இப்போது மனிதர்களும் தங்களைப் பற்றி இப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள், இந்த மலைக்கு நான் ஹெஃப்ட் ஆகிவிட்டேன் என்று. எனக்கு அது ஒட்டவில்லை. ஆடு மலைமேல் காதல் கொண்டா அங்கே நிற்கிறது? முன்னொரு காலத்தில் யாரோ மழையில் நின்று அதன் பாட்டிகளை விரட்டி விரட்டிப் பழக்கியிருக்கிறார்கள். அப்புறம், பக்கத்து மந்தையின் நெருக்கலும் ஒரு காரணம். அந்தப் பண்ணைக்காரர் ஆடு வளர்ப்பதை நிறுத்திவிட்டால், காலியான பக்கத்துக்கு இந்த ஆடுகள் மெல்லப் பரவிவிடும். கம்பளி வெட்ட மந்தையை இறக்கும் நாளில் மிச்சமிருப்பவர் இரண்டு பண்ணையின் மலையையும் ஏறித் தேட வேண்டும்.